‘முடிதான்’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்த மாதங்கள்

விடியற்காலை மூன்று மணிக்குப் பூனை ஓங்கரிக்கும் சத்தத்தைக் கேட்டு எழுந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முதலில் தரையில் நகங்கள் உரசும். பூனை பின்னோக்கி இரண்டடி நகரும். பிறகு வயிற்றின் ஆழத்திலிருந்து ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரே தாளத்தில் சத்தம் வரும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் என் மல்லி முன்கால்களை மடக்கி, கழுத்தை முன்னே நீட்டி, விலா எலும்புகள் தெரிய வயிற்றை உள்வாங்கியபடி குனிந்திருப்பாள். ஏழெட்டு முறை குலுங்கியபின் விரல் நீளத்தில், ஈரமாக, சாம்பல் நிறத்தில் ஒன்று தரையில் விழும். அதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கிப் போய்விடுவாள்.

அதை முடி உருண்டை என்கிறோம். உண்மையில் அது உருண்டையாக இருப்பதில்லை. உணவுக்குழாயின் குறுகலான வழியில் பிழிபட்டு வருவதால் சுருட்டு வடிவத்தில் இருக்கிறது. முதல் பார்வையில் மலம் என்று எண்ணிவிடக்கூட வாய்ப்புண்டு. ஒருமுறை அதைத் துடைத்து எறியாமல் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, வெந்நீர் ஊற்றி, பல் குத்தும் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். கம்பளியைத் தட்டித் தட்டி இறுக்கியதுபோல அது எளிதில் பிரியவில்லை. நீளமான மேல்முடி சிலவே இருந்தன. பெரும்பகுதி சிலந்தி இழைபோல மெல்லிய அடிமுடி. அந்த வெண்மைக்கு நடுவே குட்டையான செம்பழுப்பு முடிகளும் கிடந்தன. அவை மல்லியுடையவை அல்ல, கூடவே வளரும் துரையுடையவை. துரை குட்டைமுடிக் கடுவன் பூனை. நாள்தோறும் அவனுடைய தலையையும் கழுத்தையும் மல்லிதான் நக்கிச் சுத்தம் செய்கிறாள். எனவே அவன் உதிர்க்கும் முடியும் அவளுடைய வயிற்றுக்கே போகிறது. அன்றுவரை நீள்முடிக்காரியை மட்டும் சீவிவிட்டு, குட்டைமுடிக்காரனுக்குச் சீப்பே தேவையில்லை என்று விட்டிருந்தேன். அன்று மாலையிலிருந்து அவனையும் சீவத் தொடங்கினேன்.

பூனை ஏன் முடியைத் துப்புவதில்லை என்பதற்கு அதன் நாக்கே விடை. நாக்கின் மேற்பரப்பில் தொண்டையை நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கின்றன. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெராட்டினால் ஆன முட்கள் அவை. அவற்றின் நுனி குடைந்தெடுத்த சிறு கரண்டிபோல உட்குழிந்திருப்பதையும், அந்தக் குழிவில் ஏறும் உமிழ்நீர் தோல்வரை கொண்டுசெல்லப்படுவதையும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுத்தம் செய்வதற்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் அதில் சிக்கிய முடி உள்ளேதான் போகும். விழித்திருக்கும் நேரத்தில் கால் பங்குவரை நக்குவதிலேயே கழிக்கும் உயிரினத்துக்கு அப்படி எத்தனை முடி உள்ளே போகும் என்று எண்ணிப் பாருங்கள். முடியும் கெராட்டின்தான், அதனால் அது செரிப்பதில்லை.

செரிக்காவிட்டாலும் பெரும்பகுதி மலத்தோடு சத்தமின்றி வெளியேறிவிடுகிறது. தேங்கும் இடம் பெரும்பாலும் இரைப்பை. நாயின் வயிறு காலியாக இருக்கும்போது, மிஞ்சிக் கிடப்பதையெல்லாம் குடலை நோக்கிப் பெருக்கித் தள்ளும் பலமான சுருக்க அலை ஒன்று அவ்வப்போது எழும். பூனைக்கு அந்த அலை அதே பலத்தில் எழுவதில்லை. வேறு வகையான, வலுக்குறைந்த அசைவுதான் உண்டு. எனவே சில முடிகள் இரைப்பையிலேயே நின்று, ஒன்றோடொன்று பின்னி, ஒரு நாள் வாய்வழியே வருகின்றன. நீள்முடிப் பூனைகளில் இது அதிகம். முடி உதிரும் பருவத்தில் இன்னும் அதிகம். சில மாதங்களுக்கு ஒருமுறை முடியைக் கக்கிவிட்டு, உடனே வழக்கம்போல உண்டு, விளையாடி, மலம் கழிக்கும் பூனையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

என் தவறு இந்த உண்மையைத் தெரிந்துகொண்டதிலிருந்தே தொடங்கியது. மல்லிக்குப் பதினோரு வயது நடந்தபோது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த ஓங்கரிப்பு மாதத்துக்கு இரண்டாகி, பிறகு வாரம் ஒன்றாகியது. ஒவ்வொரு முறையும் தரையைத் துடைத்தபடி ‘முடிதான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதற்குமேல் பார்ப்பதையும் அது நிறுத்திவிட்டது. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. முன்பைவிட அதிக முடி உள்ளே போகிறதா? அல்லது போகிற முடி அதே அளவுதான், குடல்தான் அதை முன்போல நகர்த்தவில்லையா? முதலாவது என்றால் தெள்ளுப்பூச்சி, தோல் அரிப்பு, மூட்டிலோ சிறுநீர்ப்பையிலோ வலி, வீட்டில் ஏற்பட்ட மாற்றத்தால் வந்த பதற்றம் என்று அதிகமாக நக்க வைக்கும் காரணம் ஏதேனும் இருக்கும். இரண்டாவது என்றால் நாள்பட்ட குடல் அழற்சி, உணவு ஒவ்வாமை, வயதான பூனைகளில் குடலில் வரும் லிம்போமா என்ற புற்றுநோய் என்று பட்டியல் வேறு திசையில் போகும். இரண்டிலும் முடி வெறும் அறிகுறிதான். திடீரென அதிகரித்த முடிக்கக்கலை எந்த வயதிலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

ஓங்கரிப்பு என்று நாம் எண்ணுவது இருமலாகவும் இருக்கலாம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆஸ்துமா உள்ள பூனையும் இதேபோலத் தரையோடு தரையாகக் குனிந்து கழுத்தை நீட்டும். ஆனால் வயிறு அப்படி எக்குவதில்லை, வாயிலிருந்து ஒன்றும் விழுவதுமில்லை. கடைசியில் எதையோ விழுங்கிவிட்டு நிமிர்ந்துவிடும். முடியைக் கக்க முயன்றும் வரவில்லை என்று பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்த பின்னரே ஆஸ்துமா என்று தெரியவந்த பூனைகள் ஏராளம். உங்கள் பூனை அடிக்கடி முயன்றும் முடி விழவே இல்லையென்றால், அந்த நிமிடத்தைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பூனை அந்த அறையில் இருமிக் காட்டப் போவதில்லை.

மல்லியிடம் வந்த அடுத்த மாற்றம் இன்னும் மெதுவானது. பூனைகள் மலசலம் கழிக்க மணல் நிரப்பி வைக்கும் லிட்டர் தட்டில் கிடைத்த மலம் சிறுத்தது, காய்ந்தது. ஈரப்பளபளப்போடு நீளமாக இருந்த மலம், ஆட்டுப்புழுக்கைபோலத் தனித்தனியாக, சுண்டினால் தட்டில் உருளும் அளவுக்கு இறுகியது. அவற்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே முடி தெரிந்தது. அது என் நம்பிக்கையை இன்னும் கெட்டிப்படுத்தியது: முடி அடைத்திருக்கிறது, முடியை வழுக்கி வெளியேற்றினால் போதும். கடையில் விற்கும் பசையை வாங்கிப் பாதத்தில் தடவினேன். அவள் நக்கினாள். இரண்டு நாட்கள் எதுவும் மாறவில்லை. மூன்றாம் நாள் முடியே இல்லாமல் மஞ்சள் நுரையைக் கக்கினாள், கிண்ணத்தருகே போய் உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பினாள். அப்போதுதான் கூடையில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

நான் முடியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியாக எப்போது மலம் போனது?” என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. தினமும் இரண்டு தட்டுகளையும் அள்ளிச் சுத்தம் செய்தவன் நான். ஆனால் இரண்டு பூனைகள் பொதுவாகப் பயன்படுத்தும் தட்டில் கிடந்தது யாருடையது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. துரையின் நல்ல மலத்தைப் பார்த்துவிட்டு இருவரும் நலம் என்று எண்ணியிருக்கிறேன். மருத்துவர் மல்லியின் வயிற்றை இரு பக்கமும் மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு என் விரல்களை எடுத்து அதே இடத்தில் வைத்து, “இங்கே உணர முடிகிறதா?” என்றார். மென்மையான வயிற்றுக்குள், முதுகெலும்புக்குக் கீழே, கோத்த கூழாங்கற்களைப்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிகள். இடுப்பெலும்புவரை அப்படியே இருந்தது. அவள் முனகவில்லை, காதுகளை மட்டும் பக்கவாட்டில் படியவைத்திருந்தாள்.

எக்ஸ்ரேயில் பெருங்குடல் நிறைந்து விரிந்திருந்தது. அதே படத்தில் இரண்டு இடுப்பு மூட்டுகளும் தேய்ந்திருந்தது தெரிந்தது. இரத்தப் பரிசோதனை சிறுநீரகம் தளர்ந்துவருவதைக் காட்டியது. முடி எல்லா இடத்திலும் இருந்தது உண்மை. ஆனால் அது இந்த நிலையை உண்டாக்கவில்லை. மெதுவாகிப்போன குடலில் அதுவும் சிக்கிக்கொண்டிருந்தது. அவளுடைய வாந்தியின் பெரும்பகுதிகூட முடியால் வந்ததல்ல. நிறைந்துபோன பெருங்குடலும், மலம் கழிக்க முக்கும் முயற்சியும் குமட்டலை வரவழைக்கும் என்று மருத்துவர் விளக்கினார்.

மலச்சிக்கல் எப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் தாமதத்தின் விலை புரியும். பெருங்குடலின் முக்கியமான வேலை, வந்துசேரும் கழிவிலிருந்து நீரை உறிஞ்சி உடலுக்குத் திருப்பித் தருவது. மலம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு நீர் இழக்கப்படும்; காய்ந்த மலம் கடினமாகும்; கடினமானது வெளியேறும்போது வலிக்கும்; வலித்தால் பூனை அடுத்தமுறை தள்ளிப்போடும்; தள்ளிப்போடும் நேரத்தில் மலம் மேலும் காயும், அதன்மேல் புதியது வந்து சேரும். இப்படியே தொடர்ந்தால் குடல் சுவர் நீட்சியடைந்து, ஒரு கட்டத்தில் அதன் தசைகள் சுருங்கும் ஆற்றலையே இழந்துவிடும். மெகாகோலன் என்று சொல்லப்படும் அந்த நிலைக்குப் போய்விட்ட பூனைகள் சிலவற்றுக்கு மருந்து பயன்படாமல், பெருங்குடலின் பெரும்பகுதியை அறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது.

மல்லிக்கு அந்தச் சுழலைத் தொடங்கிவைத்தவை இரண்டு. தளர்ந்த சிறுநீரகத்தால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாது. நீர் அதிகமாகச் சிறுநீரில் போய்விடும்; உடல் தன் குறையைப் பெருங்குடலிலிருந்து ஈடுசெய்துகொள்ளும். நீரிழிவும் இதே வேலையைச் செய்யும். இன்னொன்று இடுப்பு வலி. பூனை மலம் கழிக்கப் பின்கால்களை மடித்து, முதுகை வளைத்து, அந்த நிலையில் சிறிது நேரம் நிலைத்து நிற்க வேண்டும். தேய்ந்த மூட்டோடு அப்படி நிற்பது எவ்வளவு வேதனை! தட்டின் உயரமான விளிம்பைத் தாண்டுவதே அவளுக்கு ஒரு வேலையாகியிருந்திருக்கிறது. வேறு பூனைகளில் காரணம் வேறாக இருக்கலாம்: உடல் பருமன், பழைய விபத்தில் முறிந்து குறுகலாகக் கூடிய இடுப்பெலும்பு, இரத்தத்தில் பொட்டாசியம் குறைவது, அபின் சார்ந்த ஓபியாய்டு வகை வலி மருந்துகள், வாலில்லாத மேங்க்ஸ் இனத்தில் பிறவியிலேயே வரும் தண்டுவடக் குறை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மலத்தை மட்டும் இளக்கினால் அடுத்த மாதம் மீண்டும் அதே அறையில் உட்கார்ந்திருப்போம்.

நலமான பூனை பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை மலம் கழிக்கும். சிறிது முன்பின்னாகவும் இருக்கும். இரண்டு நாட்கள் முழுமையாக ஒன்றும் போகவில்லையென்றால் மருத்துவரைக் கேட்க வேண்டும். வாந்தி, உணவு மறுப்பு, சோர்வு, வயிறு உப்பல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அந்த இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. எண்ணிக்கையைவிட மலத்தின் தன்மையும் பூனையின் நடத்தையும் அதிகம் சொல்கின்றன: தட்டுக்குள் நுழைந்து வெளியேறி மீண்டும் நுழைவது, முக்கும்போது கத்துவது, தட்டின் வெளியே ஒரு சிறு கட்டியை விட்டுப்போவது. தட்டில் திரவமாகக் கிடந்தால் வயிற்றுப்போக்கு என்றும் உடனே முடிவுசெய்துவிட முடியாது. இறுகிய மலத்தைச் சுற்றிக் கசியும் நீரும் சளியும் அப்படித்தான் தெரியும். என்னிடம் இப்போது தட்டின் அருகே ஒரு சிறு குறிப்பேடு தொங்குகிறது. யார், எப்போது, எப்படி என்று மூன்றே சொற்கள். இரண்டு பூனைகளில் யாருடையது என்று ஐயம் வந்தால் ஒருநாள் அவர்களைத் தனித்தனி அறையில் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

அந்தக் குறிப்பேடுதான் துரையைக் காப்பாற்றியது. மல்லிக்கு நேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு ஒரு மாலை, துரை அரை மணி நேரத்தில் ஆறுமுறை தட்டுக்குப் போய்க் குந்தினான், முக்கினான், ஒன்றும் இல்லாமல் வெளியே வந்து அடிவயிற்றுக்குக் கீழே நக்கினான். மலச்சிக்கலைப் பற்றி அதற்குள் நிறையத் தெரிந்துவைத்திருந்த எனக்கு, இவனுக்கும் அதுவே என்று தோன்றியது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் முக்குவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “இன்று தட்டில் அவனுடைய சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டி இருக்கிறதா, பாருங்கள்” என்றார். குறிப்பேட்டில் முந்தைய இரவுக்குப்பின் அவன் பெயரில் சிறுநீர் என்ற பதிவே இல்லை. மலம் காலையில் நன்றாகவே போயிருந்தது. “உடனே கொண்டுவாருங்கள்” என்றார்.

கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. படிகத் துகள்களும் சளியும் சேர்ந்தால் முழுமையாக அடைத்துவிடும். அடைத்துவிட்டால் சிறுநீர்ப்பை கல்லைப்போல இறுகும், கழிவுகள் இரத்தத்தில் ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயம் தடுமாறும். ஓரிரு நாட்களில் பூனை இறந்துபோகலாம். வெளியே நின்று பார்க்கும் நமக்கு, மலத்துக்கு முக்குவதும் சிறுநீருக்கு முக்குவதும் ஒன்றுபோலவே தெரியும். அனுபவமுள்ளவர்களும் இதில் தவறுகிறார்கள். ஆகவே ஆண் பூனை தட்டில் முக்கிக்கொண்டிருக்கிறது, ஈரக் கட்டி எதுவும் விழவில்லை என்றால், இரவு என்றும் விடுமுறை என்றும் பாராமல் கொண்டுபோய்விட வேண்டும். இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்கது இது ஒன்று என்றாலும் எனக்குப் போதும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியாக வேண்டும், ஏனெனில் பூனையை நேசிப்பவர்களே அன்பினால் இவற்றைச் செய்துவிடுகிறார்கள். வெண்ணெயும் சமையல் எண்ணெயும் முடியை வழுக்கிக் கொண்டுபோகாது. அவை கொழுப்பு, சிறுகுடலிலேயே செரித்துவிடும், மிஞ்சினால் வயிற்றுப்போக்கு வரும். மலமிளக்கியாக விற்கும் கனிம எண்ணெயான திரவ பாரஃபினை வாயில் ஊற்றுவது அதைவிட ஆபத்தானது. அதற்குச் சுவையும் இல்லை, தொண்டையில் உறுத்தலும் இல்லை என்பதால் பூனைக்கு இருமத் தோன்றாமலேயே அது நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். வளர்ந்த பூனைகள் பலவற்றால் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க முடியாது. பால் கொடுத்தபின் இளக்கமாகப் போவது அந்தச் செரிக்காத சர்க்கரையால் வரும் வயிற்றுப்போக்குதான், மருந்தின் வேலை அல்ல. மனிதர்களுக்காக விற்கும், ஆசனவாய் வழியே செலுத்தும் பாஸ்பேட் இனிமாவைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அது இரத்தத்தில் பாஸ்பேட்டையும் சோடியத்தையும் ஏற்றி, கால்சியத்தை இறக்கி, பூனையைக் கொன்றுவிடும். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் மாத்திரையின் ஒரு துண்டைக்கூடக் கொடுக்கக் கூடாது. அது பூனைக்கு நஞ்சு. ஆசனவாயில் நூலோ ரிப்பனோ தொங்கினால் இழுக்கவும் கூடாது, ஏனெனில் உள்ளே மறுமுனை எங்காவது சிக்கியிருந்தால் இழுக்கும் நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். கடையில் கிடைக்கும் பெட்ரோலியப் பசை உடலில் சேராமல் வெளியேறுவதால் எப்போதாவது சிறிது கொடுப்பதில் தீங்கில்லை. ஆனால் அது எனக்குக் கொடுத்தது இரண்டு நாள் தாமதம் மட்டுமே.

மல்லிக்கு மருத்துவர் முதலில் செய்தது இரத்தநாளம் வழியாக நீர் ஏற்றியதுதான். உலர்ந்த உடலில் எந்த மலமிளக்கியும் வேலை செய்யாது என்றார். மறுநாள் மயக்கம் கொடுத்து, வெதுவெதுப்பான நீரால் இனிமா செலுத்தி, வயிற்றின் மேலிருந்து விரல்களால் அழுத்திக் கட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வெளியேற்றினார். அதன்பின் வீட்டுக்கு வந்தது லாக்டுலோஸ். குடலால் உறிஞ்சப்படாத இந்தச் சர்க்கரைப் பாகு, நீரைப் பெருங்குடலிலேயே நிறுத்திவைக்கிறது. அதன் பிசுபிசுப்பைச் சகிக்காத பூனைகளுக்கு உணவில் கலந்துவிடக்கூடிய பாலிஎத்திலீன் கிளைகால் பொடி உண்டு. சிலருடைய பூனைகளுக்குக் குடல் தசையைத் தூண்டும் சிசாப்ரைடும் தேவைப்படுகிறது. மனிதர்களின் இதயத் துடிப்பைப் பாதித்ததால் 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட இந்த மருந்து, பூனைகளுக்கு இன்றும் மருத்துவர் சொற்படி தயாரித்துத் தரப்படுகிறது. இவற்றின் அளவைப் பூனையின் மலத்தைப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டியிருப்பதால் இங்கே எண் எதையும் எழுத மாட்டேன்.

மருந்தைவிட அதிக மாற்றத்தைத் தந்தது தண்ணீர். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலங்களில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. இரையின் உடலில் ஏறக்குறைய எழுபது சதவீதம் இருக்கும் நீரைக் கொண்டே அது வாழ்ந்துவிடும். தாகம் அதற்கு மந்தம். அந்தத் தாகத்தோடுதான் நம் பூனைகளும் உலர் உணவுக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருக்கின்றன. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு உணவிலிருப்பதையும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 200 மில்லி லிட்டர் நீர் தேவை. 60 கிராம் உலர் உணவில் 6 மில்லி லிட்டருக்கு மேல் இருக்காது. ஏறக்குறைய அதே சக்தியைத் தரும் 250 கிராம் ஈர உணவில் 190 மில்லி லிட்டர் வரை இருக்கும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றே மல்லியின் உணவை மாற்ற முடிவுசெய்தேன். ஒரே நாளில் மாற்றவில்லை. பூனை பிடிவாதமாகப் பட்டினி கிடந்தால், அதிலும் பருமனான பூனையென்றால், சில நாட்களிலேயே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டு, சிறுநீரகத்துக்கு ஏற்ற ஈர உணவை ஒவ்வொரு கரண்டியாக ஏற்றினேன். தண்ணீர்க் கிண்ணத்தை உணவிலிருந்தும் தட்டிலிருந்தும் விலக்கி, அகலமான கிண்ணங்களாக நான்கு இடங்களில் வைத்தேன். உணவில் இரண்டு கரண்டி வெந்நீரையும் கலந்துவிடுகிறேன். மணம் எழும்பி அவளை இழுக்கிறது.

நார்ச்சத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கற்றேன். இசப்கோல் உமி சில பூனைகளுக்கு அருமையாக வேலை செய்கிறது. அது நீரைப் பிடித்து மலத்தை மென்மையாக்குவதோடு முடியையும் சேர்த்து இழுத்துப்போகிறது. இளமையும் நல்ல நீர்ச்சத்தும் உள்ள துரைக்கு அது பொருந்தியது. ஆனால் உலர்ந்த உடலுக்கோ, விரிந்து தளர்ந்த குடலுக்கோ நாரைக் கொடுப்பது தள்ள முடியாத வண்டியில் மேலும் சுமையேற்றுவதுதான். அத்தகைய பூனைக்கு மலத்தின் அளவையே குறைக்கும், எளிதில் செரிக்கும் உணவு தேவை. மல்லிக்கு மருத்துவர் நாரை வேண்டாமென்றார்.

லிட்டர் தட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். வாசனை சேர்க்காத மணல் வேண்டும். மல்லிக்காக ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வாங்கி, ஒரு பக்கத்தை நான்கு விரற்கடை உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பில் துணி நாடா ஒட்டினேன். முதல் நாளே தயங்காமல் உள்ளே நடந்தாள். முன்பெல்லாம் விளிம்பின்மேல் கால்வைத்து ஒரு கணம் நிற்பாளே, அந்தக் கணம் வலியால் வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சீவுவதை இரவு உணவுக்கு முன் வைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கன்னமும் தாடையும், அவளுக்குப் பிடித்த இடங்கள். பிறகு முதுகு, அகன்ற பல் சீப்பால் முடி வளர்ந்த திசையிலேயே, தேய்ந்த இடுப்பின்மேல் கை அழுந்தாமல். அக்குளும் அடிவயிறும் கடைசி. சிக்கு விழுவது அங்கேதான், பொறுமை இழப்பதும் அங்கேதான். சிக்கை விரல்களால் பிரித்து, தோல் இழுபடாமல் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவ வேண்டும். கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. பூனையின் தோல் மெல்லியது, சிக்கோடு கூடாரம்போல எழும்பி வரும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். நெருங்கிப் பின்னிய சடையை மருத்துவமனையில் இயந்திரத்தால் மழித்துவிடுவதே நல்லது. முடிவில் கையை நனைத்துப் பிழிந்து உடல் முழுதும் ஒருமுறை தடவினால் சீப்பில் சிக்காத உதிரி முடி உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். முடி உதிரும் பருவத்தில் இருவரிடமிருந்தும் ஒரு மாலையில் சேர்வது ஓர் எலுமிச்சை அளவு இருக்கும். ஐந்து நிமிடத்துக்குமேல் போவதில்லை. வாலை அடிக்கத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மல்லிக்கு இப்போது பதினான்கு வயது. வாரம் இருமுறை தோலுக்கடியில் நீர் ஏற்றுகிறேன். அவள் என் மடியில் ஒரு துண்டின்மேல் படுத்து, முதுகில் நீர் புடைத்து வருவதைக் கண்டுகொள்ளாமல் தூங்கிவிடுகிறாள். மூட்டு வலிக்கு மாதம் ஒரு ஊசி. லாக்டுலோஸ் காலையும் மாலையும், ஊசியில்லாத சிரிஞ்சில், கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாக. சென்ற வாரம் ஒருமுறை முடியைக் கக்கினாள். நான்கு மாதங்களுக்குப் பிறகு அது முதல் முறை. அதைத் தட்டில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் வெள்ளை, நடுவில் செம்பழுப்பு முடி சில. பிறகு குறிப்பேட்டைத் திருப்பி அவளுடைய கடைசி மூன்று நாட்களைப் படித்தேன்: மல்லி, காலை, மென்மை, மல்லி, மாலை, மென்மை, மல்லி, காலை, சற்றுக் கடினம். அன்று மாலை மருத்துவரை அழைத்துக் கேட்டுவிட்டு, லாக்டுலோஸைச் சிறிது கூட்டினேன்.